நாரையின் எட்டாவது கட்டம்

ஜனவரி 6
தங்கை அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் அவரும் சுகம். பாப்பாவுக்கு மட்டும் இரண்டு நாளாக ஜலதோஷம். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? லிஃப்ட் மெக்கானிக் மாடிப்படி ஏறியே முட்டியைக் கெடுத்துக்கொண்டார் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அண்ணியிடம் சொல்லி வெந்நீர் ஒத்தடமாவது கொடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். சின்னவன் எழுதியிருந்தான். நீங்கள் இருவரும் முன்பு சாப்பாட்டை மறந்து ஆடுவீர்களே, அந்தக் கடற்படைச் சண்டை விளையாட்டு, அதைத் தபாலில் ஆட அண்ணனுக்கு இஷ்டமா என்று கேட்கச் சொன்னான். அவனாகவேதான் கேட்டான், நான் தூண்டவில்லை.

நீங்கள் ஒருவருக்கொருவர் எழுத வேண்டாம். உங்கள் உத்தரவை எனக்கு எழுதுங்கள், அவன் உத்தரவும் எனக்கே வரும். நான் நடுவர். பகடை உருட்டி, எந்தக் கப்பலுக்கு எத்தனை சேதம் என்று குறித்து, யாருக்கு எது தெரிய வேண்டுமோ அதை மட்டும் சொல்வேன். பன்னிரண்டு வருஷமாக எடைமேடையில் உட்கார்ந்து லாரி எடை எழுதுகிறேன். ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை என்று லாரிக்காரர்களே சொல்வார்கள்.

அப்பா போனதிலிருந்து ஆறு வருஷமாக நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இருப்பது நீங்கள் இரண்டே பேர். அதில் ஒருவரிடம் பேசும்போது இன்னொருவர் பெயரை எடுக்கக் கூடாது என்றால் நான் வேறு எதைப் பேசுவது? மறுக்காதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும்.

தங்கை

ஜனவரி 6
அக்கா தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கூடாரத்தில் குளிர் எப்படி? கம்பளி இருக்கிறதா, அல்லது அதையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாயா? நாங்கள் சுகம்.

அண்ணன் எழுதியிருந்தார். அந்தப் பழைய கப்பல் சண்டையைத் தபாலில் ஆட உனக்கு இஷ்டமா என்று கேட்கச் சொன்னார். அவராகவேதான் கேட்டார். உத்தரவை எனக்கு அனுப்பினால் போதும், நடுவில் நான் இருக்கிறேன். விதிப்புத்தகமும் சேதச் சீட்டுகளும் இத்துடன் வருகின்றன.

முடியாது என்று எழுதுவதாக இருந்தால் தபால்தலையை வீணாக்காதே.

அக்கா

ஜனவரி 29
தம்பி அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். ஷூ கடித்து குதிகாலில் ஒரு புண், அவ்வளவுதான். நீயும் மாமாவும் பாப்பாவும் சுகமா? இங்கே போன் எடுக்காது. வாரம் ஒருமுறை ஜீப் வரும்போது தபாலும் அரிசியும் சேர்ந்து வரும். நிலம் அளக்கிற வேலை சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளிச்சத்தோடு முடிந்துவிடும். பிறகு கொசுவை அளக்கலாம்.

உன் அண்ணன் கேட்டார் என்பதை நம்ப முடியவில்லை. அவர் கேட்கிற ஆள் இல்லை, முடிவெடுத்துவிட்டுச் சொல்கிற ஆள். இருந்தாலும் ஆடுகிறேன். அவருக்காக இல்லை, உனக்காக.

என் விமானந்தாங்கிக் கப்பலுக்கு நாரை என்று பெயர் வைத்திருக்கிறேன். அதற்குக் காவலாக இரண்டு குரூசர், நாலு டெஸ்ட்ராயர் என்று சின்னப் போர்க்கப்பல்கள். உத்தரவு தனித் தாளில் இருக்கிறது.

விதிப்புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் மதிப்புப் பட்டியல் இருக்கிறதே, அதைப் பார். விமானந்தாங்கியை மூழ்கடித்தால் எதிரிக்கு முப்பது புள்ளி, ஆட்டமும் அதோடு முடிந்தது. எட்டுச் சேதக் கட்டத்தில் ஐந்துக்கு மேல் அடிபட்டும் மிதந்தால் பன்னிரண்டு. குரூசர் பத்து, டெஸ்ட்ராயர் நாலு. இதெல்லாம் நியாயம். கடைசி வரியைப் படி. கப்பலை அதன் சொந்தத் தரப்பே மூழ்கடித்தால் எதிரிக்குப் பதினைந்துதானாம். அடுத்தவன் கொன்றால் முழு விலை, தன் ஆளே கொன்றால் பாதி விலையா? என்னைக் கேட்டால் அறுபது போடுவேன்.

எனக்கு ஏன் எரிகிறது என்று உனக்குத் தெரியும். அப்பா மூச்சு மெஷினில் இருந்த அன்று காலை பதினோரு மணிக்கு போன் செய்தேன். உன் அண்ணன் போனை நீதான் எடுத்தாய். "வந்துட்டே இருக்கேன்க்கா, நான் வர்ற வரைக்கும் மெஷினை எடுக்க வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லு" என்றேன். நீ சொன்னாய், அவர் கேட்கவில்லை. மூன்று மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா முகத்தை மூடியிருந்தார்கள். "யாரு கையெழுத்துப் போட்டது?" என்று கேட்டேன். "நான்தான்" என்றார், லிஃப்ட் சர்வீஸ் முடித்த சீட்டில் கையெழுத்துப் போட்டதைச் சொல்வதுபோல.

இதை அவருக்கு அனுப்பினாலும் எனக்கு ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 15
அண்ணன் தங்கைக்கு

அன்புள்ள குருவிக்கு,

நாங்கள் நலம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. உன் பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறாயா?

சின்னவன் தானாகக் கேட்டிருக்க மாட்டான். அவனிடம் நான் கேட்டதாகச் சொல்லியிருப்பாய். போகட்டும், ஆடுகிறேன். என் கப்பலுக்கு வல்லூறு என்று பெயர்.

பதினோராம் பக்கத்தைப் பற்றி அவன் எழுதியதை நீ அப்படியே அனுப்பியிருக்க வேண்டாம். அச்சடித்த விதி அச்சடித்தபடி இருக்கட்டும். இனிமேல் பிழைக்காது என்று தெரிந்து தன் கப்பலைத் தானே முடித்துக்கொண்டவரிடம் பதினைந்து வாங்குவதே கொடுமை. இதற்கு மேல் ஒரு புள்ளி சேர்க்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதைப் பற்றி அவனுக்கு ஒன்றும் எழுதாதே. நீயாக எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. நான் சொல்வது உனக்குப் புரியும்.

வல்லூறிலிருந்து பதினெட்டு விமானங்கள் வடகிழக்கே தேடிப் போகட்டும். கண்டால் அடிக்கட்டும்.

அண்ணன்

மார்ச் 20
அக்கா தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

புண் ஆறியதா? இங்கே எல்லோரும் சுகம். பாப்பாவின் ஜலதோஷம் எனக்கு வந்து போய்விட்டது.

கெட்ட சேதியை முதலில் சொல்கிறேன். அண்ணனின் விமானங்கள் நாரையைக் கண்டுபிடித்துவிட்டன. மதியம் லாரி வராத நேரமாகப் பார்த்து எடைமேடை அறையிலேயே பகடை உருட்டினேன். குண்டுக்கு ஒரு கட்டம், டார்பிடோவுக்கு இரண்டு. இரண்டு குண்டும் ஒரு டார்பிடோவும் பட்டன. நாரைக்கு இருக்கிற எட்டுக் கட்டத்தில் நாலு போய்விட்டது. எட்டும் போனால்தான் மூழ்கும், அதனால் இப்போதைக்கு முகத்தைத் தொங்கப் போடாதே. மேல்தளம் உடைந்திருப்பதால் விமானம் இறங்க முடியாது.

நல்ல சேதி, அதற்கு முன்பே கிளம்பிப் போன உன் விமானங்கள் அண்ணனின் ஒரு குரூசரை மூழ்கடித்துவிட்டன. உனக்குப் பத்துப் புள்ளி. நான் பகடையைக் குலுக்கும்போது ஒரு டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, டியூட்டி நேரத்துல சூதாட்டமா?" என்றார். "கப்பல் முழுகிட்டிருக்கு, கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். லாரியை எடுத்தவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

சேதச் சீட்டு இணைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 11
தம்பி அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

புண் ஆறிவிட்டது. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உதவியாளர்களுக்கும் படித்துக் காட்டினேன். இப்போது அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆளில் இருந்து சமையல்காரர் வரை எல்லோருக்கும் நாரையைப் பற்றிக் கவலை. "சார், கப்பல் இன்னைக்கு எப்படி?" என்று கேட்டுக்கொண்டுதான் சமையல்காரர் டீ கொடுக்கிறார்.

குரூசர் போனதற்கு உன் அண்ணன் என்ன சொன்னார்? திட்டினாரா? வரிக்கு வரி எழுது. இந்த நேரத்தில் அவர் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார், எனக்குத் தெரியும்.

நாரையை மேற்கே பின்வாங்கச் சொல்கிறேன். துறைமுகம் கடல் வரைபடத்தில் பதினொரு கட்டம் தள்ளி இருக்கிறது. அதற்குள் வல்லூறு வராமல் இருந்தால் பிழைத்துக்கொள்வேன்.

அவர் முட்டி இன்னும் வலிக்கிறதா? சும்மாதான் கேட்டேன். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

மாமாவுக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

தம்பி

மே 9
அக்கா தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். வெயில்தான் வாட்டுகிறது, எடைமேடை இரும்பு காலைச் சுடுகிறது. அண்ணன் முட்டி பரவாயில்லையாம்.

இரண்டாவது தாக்குதல் நடந்தது. ஒரு டார்பிடோ, ஒரு குண்டு. மூன்று கட்டம். தீப்பிடித்தது, ஆனால் அணைத்துவிட்டார்கள். எட்டில் ஏழு போய், ஒன்று பாக்கி. நாரை நகராது, ஆனால் மிதக்கிறது. அண்ணன் இப்போது பன்னிரண்டு, நீ பத்து.

அவர் கப்பல்கள் கடல் வரைபடத்தில் நாலு கட்டம் தொலைவில் இருக்கின்றன. நடுவர் யோசனை சொல்லக் கூடாது. பதினோராம் பக்கம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அவர் வந்து மூழ்கடித்தால் முப்பது, நீயே மூழ்கடித்தால் பதினைந்து. டெஸ்ட்ராயரைக் கொண்டு கட்டி இழுக்கவும் விதி உண்டு, நகர்வுக்கு அரைக் கட்டம் வரும்.

உன் இஷ்டம். தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

அக்கா

மே 9
தங்கை அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களுக்குப் பதினெட்டுப் புள்ளி அநியாயம் செய்துவிட்டேன். நாரை மூழ்கிவிட்டது. முன்பு போன நாலோடு இந்த டார்பிடோவும் குண்டும் சேர்த்து ஏழு கட்டம். பிறகு தீக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும், ஒன்று விழுந்தால் இன்னொரு கட்டம் போகும். ஒன்றுதான் விழுந்தது. சீட்டில் முதலில் உண்மையைத்தான் எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பது புள்ளி, ஆட்டம் முடிந்தது, இனி அவன் உங்கள் முட்டியைப் பற்றிக் கேட்க மாட்டான். ஆமாம், கேட்டான். சொல்லாதே என்று வேறு எழுதியிருந்தான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அடுத்த தாளில் ஏழு என்று எழுதி அவனுக்கு அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய் எடை.

எழுதியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணா. அட்டைக் கப்பல் ஒன்று மூழ்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்பாவுக்கு மட்டும் எப்படி ஒப்புக்கொண்டேன்? ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட்டது நான். நீங்கள் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றீர்கள். மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் கேட்டபோது நீங்கள் "நான்தான்" என்றீர்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வருஷமாக அவன் கோபத்தை நீங்கள் வாங்கிக் கட்டிக்கொள்கிறீர்கள், அன்பை நான் வாங்கிக்கொள்கிறேன்.

அவனிடம் சொல்லிவிடலாம் என்று இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தங்கை

மே 30
அண்ணன் தங்கைக்கு

அன்புள்ள குருவிக்கு,

இங்கே நலம். அங்கே உனக்கு நலமில்லை என்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. டாக்டரைப் போய்ப் பார்.

சொல்லக் கூடாது. என்னைப் பற்றி அவன் நினைக்கிறது எனக்குப் பழகிவிட்டது. நீ சொன்னால் அவனுக்கு நீயும் இல்லாமல் போவாய். கூடாரம் கூடாரமாகத் திரிகிறவனுக்கு எழுதிப்போட ஒரு ஆள் வேண்டாமா? அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தோடு அவன் முன்னால் உன்னை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

பதினெட்டுப் புள்ளி எனக்கு வேண்டாம். வல்லூறைத் திருப்பிக்கொள்கிறேன். அவன் கேட்டால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்.

அண்ணி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்

ஜூலை 18
தம்பி அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். இரண்டு மாதமாக உத்தரவுச் சீட்டு மட்டும் அனுப்பினேன், கடிதம் எழுதவில்லை. நீ பயந்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை, யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ பேனா பிடித்தால் மேஜைக்கே வலிக்கும். எடைச் சீட்டு மூன்று பிரதி வர வேண்டும் என்று அழுத்தி அழுத்திப் பழகிய கை உனக்கு. மே மாதச் சேதச் சீட்டை வெயிலில் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். மையில் ஏழு என்று இருந்தது. அதே இடத்தில், முந்தின தாளில் எழுதிய தடம் குழிந்திருந்தது. "தீ 1. மொத்தம் 8. மூழ்கியது." நிலம் அளக்கிறவனிடம் தடத்தை மறைக்க முடியுமா?

உனக்கு எழுதிச் சிரிக்கலாம் என்றுதான் தாளை எடுத்தேன். ஆனால் எழுதவில்லை. எழுதினால் ஆட்டம் முடிந்துவிடும். அதனால் மூழ்கிப்போன கப்பலைத் தெரிந்தே கட்டி இழுத்தேன், இரண்டு மாதம். வல்லூறு திரும்பிப் போனது என்று எழுதினாயே, அப்போதே அவருக்கும் தெரியும் என்று புரிந்துவிட்டது. எண்ணெய்க் கணக்கை மறக்கிற ஆளா அவர்?

சமையல்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, "முழுகின கப்பலை இழுக்கிறீங்களே சார், இழுக்கிற கப்பல்ல ஆளுங்க இருக்காங்கல்ல?" என்றார். அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. நான் வருகிற வரைக்கும் அப்பாவை அப்படியே வைத்திருங்கள் என்று போனில் கத்தினேன். யாரை எண்ணிக் கத்தினேன்? அப்பாவை எண்ணி இல்லை, பக்கத்தில் இருந்த உங்களை எண்ணியும் இல்லை, என்னை எண்ணி.

ஆகஸ்ட் இருபதாம் தேதி எனக்கு லீவு. அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். ஆறு வருஷம் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன். நீ எழுதிய பொய்யால்தான் இது நடக்கிறது, அதனால் அதை மன்னித்துவிட்டேன். அன்று ஆஸ்பத்திரியில் என் பேச்சை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் சொன்னவள் நீ ஒருத்திதான். அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

பாப்பாவுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று எழுது.

தம்பி

ஜூலை 29
அக்கா தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்.

இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்தால் எல்லாம் நன்றாகவே முடிந்துவிடும். நீ அண்ணனிடம் மன்னிப்புக் கேட்பாய், அவர் பேசாமல் வாங்கிக்கொள்வார், நான் சாப்பாடு பரிமாறுவேன். அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். சொல்லாதே என்று எனக்கும் எழுதிவிட்டார். ஆனால் நீ என்னை மறக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ போனில் சொன்னதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். உன்னிடம் "சரிடா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த கையோடு கையெழுத்துப் போட்டேன். போட்டது நான்தான். அண்ணன் மேலே வந்தபோது மெஷினை எடுத்துவிட்டார்கள். மருந்துப் பையை என்ன செய்வது என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மூன்று மணிக்கு நீ வந்து கேட்டபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு "நான்தான்" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அப்பா குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள். அவர் விரல் அந்த முடிச்சையே தடவிக்கொண்டிருந்தது. இனிமேல் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். "என் தம்பி வர நாலு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் இருக்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமா இருக்கலாம்மா, அவசரமில்ல" என்றார். அப்படியும் நான் காத்திருக்கவில்லை.

அப்பா கஷ்டப்படுவதைப் பார்க்க முடியாமல்தான் என்று ஆறு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பாதிதான் உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீ வந்தால் விட மாட்டாய், அழுது புரண்டு இன்னும் பத்து நாள் இழுத்து வைப்பாய் என்று பயந்தேன். நீ வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். அதனால்தான் அண்ணனிடமும் கேட்கவில்லை.

நீ தப்பான ஆளிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாய். அண்ணனிடம் போ, ஆனால் இதைத் தெரிந்துகொண்டு போ. என்னை என்ன வேண்டுமானாலும் சொல், நான் வாங்கிக்கொள்கிறேன்.

பாப்பாவுக்கு ஒன்றும் வேண்டாம். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்.

அக்கா

அக்டோபர் 4
தம்பி அக்காவுக்கு

அக்கா,

நான் சுகம். உன் மூன்று கடிதங்களும் வந்தன. ஜூலையில் எழுதியதை மட்டும்தான் பிரித்தேன். மற்ற இரண்டும் அப்படியே பெட்டியில் இருக்கின்றன.

ஆகஸ்டில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "வா, செருப்பை உள்ள விடு, வெளியில நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு இதுதான். நான்கு நாள் இருந்தேன். ஆட்டத்தையும் முடித்தோம். முப்பதுக்குப் பத்து, அவர்தான் ஜெயித்தார்.

கிளம்புகிற அன்று, "ஏன்ணே என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "அவ தாங்க மாட்டாடா" என்றார். "அப்ப நான் தாங்குவேன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டீர்கள். நான் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது, அதனால் அதோடு விட்டுவிட்டேன்.

கையெழுத்துப் போட்டதற்காக உன் மேல் கோபம் இல்லை. அப்பா கையைக் கட்டி வைத்ததைக் கேட்ட பிறகு அது முடியாது. நான் வந்தால் விட மாட்டேன் என்று நீயே முடிவு கட்டினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஒருவேளை விட்டிருக்க மாட்டேன். ஒருவேளை அந்த முடிச்சைப் பார்த்ததும் நானே பேனாவை வாங்கியிருப்பேன். அன்று நான் எப்படிப்பட்டவனாக இருந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதை நீ எடுத்துக்கொண்டாய். பிறகு ஆறு வருஷம் எனக்குக் கம்பளி இருக்கிறதா, சாப்பிட்டாயா என்று எழுதினாய்.

உன்னை வெறுக்கவில்லை. ஆனால் கவரில் உன் எழுத்தைப் பார்த்தால் பிரிக்கக் கை வரவில்லை. எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பிரஷர் மாத்திரையை விடாமல் போடு. எனக்குப் பதில் எழுத வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால் அண்ணனுக்கு எழுது. அவர் எனக்குச் சொல்வார்.

தம்பி